கடல்தாழை எங்கே வளரும்? பாக் விரிகுடாவுக்குக் கணிப்பு வரைபடம் போடப் புதிதாக வருபவர்களுக்கு

முதுகலை ஆய்வேட்டுக்காக இந்த வேலையில் இறங்கியபோது, "மாடலை ஓட்டப் பத்து நிமிஷம் போதும்" என்று சீனியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு வந்து சேர எனக்கு ஏழு மாதம் ஆனது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். தமிழில் தேடிப் பார்த்தேன், படிப்படியாகச் சொல்லும் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வேலை இதுதான். ஓர் உயிரினத்தை இதுவரை பார்த்த இடங்களைப் புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறோம். அந்த இடங்களின் ஆழம், வெப்பம், உப்பு, ஒளி போன்ற விவரங்களோடு அவற்றைச் சேர்த்துவைத்து, யாரும் போய்ப் பார்க்காத இடத்திலும் அது வாழ வாய்ப்பு உண்டா என்று கணிக்கிறோம். இப்படிக் கணிக்கும் கணக்குமுறைதான் மாடல். நான் எடுத்துக்கொண்டது கடலடியில் புல்போல் வளரும் கடல்தாழையில் ஓர் இனம்: சைமோடோசியா செருலேட்டா. நாடா போல் நீண்ட இலை, நுனியில் ரம்பம் போலச் சின்னச் சின்னப் பல். ஆவுளியா என்று நம் கரையில் சொல்லும் கடல்பசு கடல்தாழையை மேய்ந்துதான் வாழ்கிறது. தாழை எங்கே என்று தெரியாமல் ஆவுளியாவைக் காப்பாற்ற முடியாது. நீங்கள் நண்டை எடுத்தாலும், கடல்குதிரையை எடுத்தாலும் படிகள் பெரும்பாலும் இவையேதான்.

தொடங்கும் முன்: பணமும் நேரமும்

மென்பொருளுக்கும் தரவுக்கும் ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆர் (கணக்குப் போட), கியூஜிஐஎஸ் (வரைபடம் போட), மேக்ஸ்என்ட் (மாடலை ஓட்ட) மூன்றும் இலவசம். கீழே சொல்லும் தரவுத்தளங்களும் இலவசம், சிலவற்றில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் போதும். தரவு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி போதும். செலவு முழுக்கப் படகில்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தை இப்படி ஒதுக்குங்கள்: பெயரும் புள்ளிகளும் ஆறு வாரம், சூழல் தரவு இரண்டு வாரம், மாடலும் சோதனையும் மூன்று வாரம். கடலுக்குப் போவது பருவத்தைப் பொறுத்தது. களப்பணிக்கான அனுமதி மனுவை மட்டும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வரைபடம் வந்த பிறகு எழுதலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அனுமதி கைக்கு வந்தபோது வாடைக்காற்று தொடங்கிவிட்டது, ஒரு பருவமே போய்விட்டது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பாக் விரிகுடாவில் 15 மீட்டருக்குட்பட்ட ஆழத்தில் இந்தத் தாழை இன்று எங்கெல்லாம் வளர ஏற்ற சூழல் இருக்கிறது?" இடம், ஆழம், காலம் மூன்றும் அந்த வரிக்குள் வந்துவிட வேண்டும். எதிர்காலக் கணிப்பு வேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வேண்டுமென்றால், எதிர்காலத்துக்கும் கிடைக்கும் தரவுகளை மட்டுமே பயன்படுத்த முடியும்.

வரைபடத்தைக் கடல் எல்லைக்கோட்டில் வெட்டிவிடாதீர்கள். மன்னார், யாழ்ப்பாணத் தீவுகள் பக்கம் உள்ள புள்ளிகளும் இதே விரிகுடாவின் புள்ளிகள்தாம். படகுதான் கோட்டைத் தாண்டக் கூடாது.

2. பெயரைச் சரிபாருங்கள்

கடல் உயிரினப் பெயர்களுக்கு வோர்ம்ஸ் என்ற பதிவேடு இருக்கிறது. உங்கள் இனத்தின் பெயரை அதில் தேடி, இப்போது ஏற்கப்பட்ட பெயர், பழைய பெயர்கள், அடையாள எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என் தாழையைச் சமீபத்திய கட்டுரைகள் சில 'ஓசியானா செருலேட்டா' என்ற புதிய பெயரில் எழுதுகின்றன. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மற்றப் பெயரில் உள்ள பதிவுகள் விட்டுப்போகக்கூடும். அரை நாள் வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள்.

3. புள்ளிகளை இறக்குங்கள்

இரண்டு தரவுத்தளங்கள்: யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் வரும் ஓபிஸ், எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான ஜிபிஃப். இந்தியக் கடல்களின் பதிவுகளைக் கொச்சியில் உள்ள கடல்வாழ் வளங்கள், சூழலியல் மையம் ஓபிஸின் இந்தியக் கிளையான இன்டோபிஸ் வழியாகத் திரட்டுகிறது.

ஜிபிஃபில் இறக்கும்போது அந்தத் தொகுப்புக்கென்று டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். அதையும் இறக்கிய தேதியையும் அன்றே எழுதிவையுங்கள். ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் உரிமம் தனித்தனியாக இருக்கும். சிலவற்றை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆலோசனை நிறுவனத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் கோப்பில் உரிமம் காட்டும் பத்தியை (நெடுவரிசையை) வைத்து வடிகட்டுங்கள்.

இன்னொன்று. ஜிபிஃபின் எளிய கோப்பு சிஎஸ்வி என்று பெயர் சொன்னாலும் அதில் பத்திகளைப் பிரிப்பது காற்புள்ளி இல்லை, டேப். எக்செலில் நேரடியாகத் திறந்து சேமித்தால் பத்திகள் குழம்பும், தேதிகள் உருமாறும். அசல் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். ஆரில் படித்து, திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள்.

4. புள்ளிகளைச் சலியுங்கள்

இந்தப் படிதான் முழு வேலையும். மாடல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தப்பான புள்ளியைக் கொடுத்தால் தப்பான கடலைத்தான் கற்றுக்கொள்ளும். நான் இறக்கிய பதிவுகளில் கடைசியில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்களுக்கும் அப்படி ஆனால் பயப்படாதீர்கள்.

முதல் தவறு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருப்பது. ராமேசுவரம் பக்கம் 9.3 வடக்கு, 79.1 கிழக்கு என்று இருக்க வேண்டியது 79.1 வடக்கு, 9.3 கிழக்கு என்று மாறினால், புள்ளி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் உட்காரும். நிலத்தில் விழுந்தால் நிலப்புள்ளிகளை நீக்கும் கட்டளை பிடித்துவிடும். இது கடலில் விழுவதால் தப்பித்துவிடும். உலகம் முழுவதற்குமாக மாடல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால், வெப்பக் கடலின் தாழை பனிக்கடலிலும் வளரும் என்று மாடல் நம்பிவிடும்.

இரண்டாவது இதைவிட மோசமானது, கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. படகில் உள்ள ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் டிகிரியும் நிமிஷமுமாகக் காட்டும். தொண்டிக்கு எதிரே 9 டிகிரி 44.500 நிமிஷம் வடக்கு, 79 டிகிரி 02.000 நிமிஷம் கிழக்கு என்று திரையில் வருகிறது என்று வையுங்கள். நிமிஷத்தை 60ஆல் வகுத்தால் 9.7417, 79.0333. ஆனால் நோட்டில் அவசரமாக 9.445, 79.02 என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளி 33 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, தேவிபட்டினத்துக்கு எதிரே கடலுக்குள் போய் நிற்கும். கடலில்தான் இருக்கிறது, விரிகுடாவுக்குள்தான் இருக்கிறது, பார்த்தால் சந்தேகமே வராது. இதைப் பிடிக்க ஒரு வழி: ஒரே தரவுத்தொகுப்பில் இருந்து வரும் எல்லாப் புள்ளிகளிலும் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். உண்மையான தசம எண்ணாக இருந்தால் 60க்கு மேலும் கணிசமாக வரும். ஒன்றுகூட 59ஐத் தாண்டவில்லை என்றால் நிமிஷத்தை அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பதிவில் ஊர்ப்பெயர் இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். பின்னால் கணினியில் ஏற்றியவர்கள் அந்த ஊரின் நடுவையோ, மாதிரியை வைத்திருக்கும் கட்டடத்தையோ இடமாகக் கொடுத்திருப்பார்கள். ஒரே ஆயத்தொலைவில் பத்து இருபது பதிவுகள் குவிந்திருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். இடத்தின் நிச்சயமின்மையை மீட்டரில் சொல்லும் பத்தி ஒன்று இருக்கும். உங்கள் கட்டத்தின் (சூழல் தரவு கடலைப் பிரித்துவைக்கும் சதுரத்தின்) அகலத்தைவிட அந்த எண் பெரிதாக இருந்தால் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

"இல்லை" என்று பதிவு செய்தவையும் இறக்கத்தில் வரலாம். யாரோ போய்த் தேடி, தாழை இல்லை என்று நேர்மையாக எழுதிவைத்ததை நாம் "இருக்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது. இருப்புநிலை காட்டும் பத்தியில் வடிகட்டுங்கள், ஆனால் அந்தப் பதிவுகளைத் தனிக்கோப்பில் பத்திரமாக வையுங்கள். சோதனைக்கு அவை பொன்னுக்குச் சமம்.

ஓபிஸும் ஜிபிஃபும் பல தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்வதால் ஒரே பதிவு இரண்டிலும் இருக்கும், இரட்டிப்பை நீக்குங்கள். ஆண்டையும் பாருங்கள். சூழல் தரவு 2000க்குப் பிந்தையது என்றால் 1960களின் பதிவை அதோடு சேர்ப்பது சரியாக வராது. கடைசியாக, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்று குறைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பக்கம் ஆய்வாளர்கள் அடிக்கடி போவார்கள், அங்கே பதிவு குவியும். குறைக்காவிட்டால் தாழைக்குப் பிடித்த இடத்துக்குப் பதிலாக ஆய்வாளர்களுக்குப் பக்கமான இடத்தை வரைந்துவிடுவீர்கள்.

5. சூழல் தரவைச் சேருங்கள்

பயோ-ஓரக்கிள் என்ற தொகுப்பில் தொடங்குங்கள். வெப்பநிலை, உப்பு, நீரோட்டம், சத்துப்பொருட்கள், ஆக்சிஜன், ஒளி எல்லாம் ஒரே அளவுக் கட்டங்களில் கிடைக்கும். கடல்பரப்புக்குத் தனியாக, அடித்தளத்துக்குத் தனியாக இருக்கும். தாழைக்கு அடித்தளத்தை எடுங்கள். நான் முதலில் பரப்பை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன்.

கட்டத்தின் அளவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் பதிப்பில் ஒரு கட்டம் 0.05 டிகிரி. நம் பக்கத்தில் அது சுமார் 5.5 கிலோமீட்டர், பரப்பு 30 சதுர கிலோமீட்டர். 2022இல் தமிழக அரசு அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடையே அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர். அதாவது அந்தப் பாதுகாப்பகம் முழுவதும் ஏறத்தாழ 15 கட்டங்கள்தான். அவ்வளவு பெரிய கட்டத்தை வைத்துக்கொண்டு "இந்தத் தாழைத்திட்டு, அந்தத் தாழைத்திட்டு" என்று பேச முடியாது.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. கரையோரக் கட்டங்கள் பலவற்றில் மதிப்பு காலியாக இருக்கும். தாழையோ கரையோரம்தான் வளரும். காலிக் கட்டத்தில் விழுந்த புள்ளிகளை மென்பொருள் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு ஓடும். எத்தனை புள்ளி உள்ளே போனது, எத்தனை கணக்கில் வந்தது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். விழுந்த புள்ளியை அடுத்துள்ள மதிப்புள்ள கட்டத்துக்கு நகர்த்தலாம், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வேண்டாம். நகர்த்தியதை எழுதிவையுங்கள்.

ஆழத்துக்கு ஜெப்கோ என்ற உலகக் கடலாழத் தரவு. அதன் கட்டம் 15 விகலை (ஆர்க் செகண்ட்), சுமார் 460 மீட்டர். உலகக் கோப்பு முழுவதையும் இறக்காதீர்கள், விரித்தால் ஏழு ஜிபிக்கு மேல் வரும். 78 முதல் 81 கிழக்கு, 8 முதல் 11 வடக்கு என்று எல்லை போட்டு வெட்டி எடுத்தால் 720க்கு 720 கட்டங்கள், கைபேசி இணையத்திலேயே நொடியில் வந்துவிடும். ஆழம் குறைந்த கடலில் ஜெப்கோவின் எண் ஓரிரு மீட்டர் தள்ளியிருக்கலாம். பெருங்கடலில் அது பெரிதில்லை. பாக் விரிகுடாவில் ஓரிரு மீட்டர்தான் தாழை இருப்பதும் இல்லாததும்.

ஒளிக்கு ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். வாடைக்காலத்தில் விரிகுடா கலங்கிப்போகும். தாழைகளுக்குப் பரப்பில் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவாவது அடியில் கிடைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதனால் குறைந்தபட்ச மதிப்பையும் சேருங்கள். செயற்கைக்கோள் தரும் கலங்கல் அளவை நேரடியாக எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நீர் தெளிந்து ஆழமும் குறைவாக இருந்தால் அடித்தளத்தின் நிறமே மேலே தெரியும், அதைக் கலங்கல் என்று கருவி கணக்கிட்டுவிடும்.

மணலா சேறா என்ற தகவல் இந்தத் தொகுப்பில் இல்லை. தாழைக்கு அது முக்கியம். ஒன்பதாம் படியில் அதை நீங்களே சேகரிக்கப்போகிறீர்கள்.

வெப்பம், உப்பு போன்ற ஒவ்வொரு சூழல் தரவும் ஓர் அடுக்கு. ஒன்றோடொன்று ஒட்டி நடக்கும் அடுக்குகள் இரண்டையும் வைக்காதீர்கள். தொடர்புக்கெழு 0.7க்கு மேல் இருந்தால் ஒன்றை விடுங்கள். எதை விடுவது என்பதைக் கணினியிடம் விடாமல், தாழையின் வாழ்க்கையை நினைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு இருபதில் தொடங்கி ஐந்தில் முடிந்தது.

6. பின்னணிப் பரப்பைச் சுருக்குங்கள்

மேக்ஸ்என்ட், தாழை இருக்கும் இடத்தை மற்ற இடங்களோடு ஒப்பிட்டுக் கற்கிறது. அந்த மற்ற இடங்கள்தான் பின்னணி. நான் முதலில் வங்காள விரிகுடா முழுவதையும் பின்னணியாகக் கொடுத்தேன். மாடலின் மதிப்பெண் 0.99 வந்தது (முழு மதிப்பெண் 1), அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் வழிகாட்டி கேட்டார்: "ஆழம் குறைந்த இடத்தில் தாழை வளரும், மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வளராது. இதைச் சொல்ல உனக்கு மாடல் எதற்கு?"

தாழை போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடத்தை மட்டும் பின்னணியாக வையுங்கள். நான் 20 மீட்டருக்குட்பட்ட பகுதியோடு நிறுத்திக்கொண்டேன். மதிப்பெண் இறங்கியது, ஆனால் அதன் பிறகுதான் வரைபடம் எதையாவது சொல்ல ஆரம்பித்தது. மென்பொருள் தானாக 10,000 பின்னணிப் புள்ளிகள் எடுக்கப் பார்க்கும். பாக் விரிகுடாவில் மொத்தமே சில நூறு கட்டங்கள்தான், எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்.

7. மாடலை ஓட்டுங்கள்

சொன்னேனே, பத்து நிமிஷம். ஒரே ஒரு கவனம்: புள்ளிகள் குறைவாக இருந்தால், சூழல் மாற மாற வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று மாடல் போடும் வளைவுகளை எளிமையாக வையுங்கள். மாடல் உங்கள் புள்ளிகளோடு அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஒழுங்காக்கும் எண்ணை 1 முதல் 5 வரை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆழத்தை மட்டும் வைத்து ஒரு மாடல் ஓட்டுங்கள். உங்கள் பெரிய மாடல் அதைவிடத் தெளிவாக மேலாக இல்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்.

8. சோதனையைக் கறாராக வையுங்கள்

புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுபது, முப்பது என்று பிரித்தால், சோதனைப் புள்ளியும் பயிற்சிப் புள்ளியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். வினாத்தாளை முன்பே காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது போன்றது அது. இடவாரியாகப் பிரியுங்கள். நான் நான்காகப் பிரித்தேன்: ராமேசுவரம்–மண்டபம், தேவிபட்டினம்–தொண்டி, அம்மாபட்டினத்துக்கு வடக்கே, இலங்கைப் பக்கம். மூன்றில் கற்றுக்கொண்டு நான்காவதைக் கணிக்க வேண்டும். மதிப்பெண் குறையும், அதையே ஆய்வேட்டில் எழுதுங்கள். பயிற்சித் தரவில் இல்லாத அளவுக்குச் சூழல் வேறுபடும் கட்டங்களை மெஸ் வரைபடம் காட்டிக்கொடுக்கும். அந்தக் கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் மறைத்துவிடுங்கள்.

9. கடலில் போய்ப் பாருங்கள்

ஆவணங்கள் முதலில். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிப் போவதானால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பாக் விரிகுடாவில் உங்கள் இடத்துக்கு என்ன அனுமதி தேவை என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மனுவோடு ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் கடிதம், நிறுவன அடையாள அட்டை நகல், போகும் இடங்களின் ஆயத்தொலைவுகள், தேதிகள், உடன் வருபவர்களின் பெயர்கள் வேண்டும். செடியைப் பிடுங்குவதாக இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ஆயத்தொலைவு இல்லாமல் "பாக் விரிகுடா" என்று மட்டும் எழுதிய என் முதல் மனு திரும்பி வந்தது. கரையோரக் காவல் குழுமத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள், எல்லோரும் அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

பருவம்: பாக் விரிகுடாவுக்கு வாடை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி முதல். மன்னார் வளைகுடாவுக்குக் கச்சான் (தென்மேற்குப் பருவக்) காற்றடிக்கும் மாதங்களைத் தவிருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், இழுவலை ஓடாது. கரையோரத் தாழையைப் பார்க்க உங்களுக்குத் தேவை நாட்டுப்படகுதான். நாள் வாடகை, டீசல், ஆட்களின் கூலி, சாப்பாடு எல்லாவற்றையும் முதல் நாளே தனித்தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். காற்று மாறிப் பாதியில் திரும்பினால் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் பணம் ஒதுக்கிவையுங்கள், காற்று யார் சொல்வதையும் கேட்காது.

கருவிகள்: 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம், தண்ணீர் புகாத சிறிய கேமரா, ஈயக்குண்டு கட்டிய கயிறு. கயிற்றை இறக்கிப் படம் எடுங்கள், அடியில் மணலா சேறா பாரா (கடலடிப் பாறையா) என்று குறியுங்கள். தாழை இல்லாத இடத்தையும் அதே அக்கறையோடு பதியுங்கள். மாடல் "உண்டு" என்று சொன்ன கட்டத்துக்கு மட்டும் போகாமல், "இல்லை" என்று சொன்ன கட்டத்துக்கும் போங்கள். நான் போன நாளில், மாடல் அடர்சிவப்பாகக் காட்டிய ஒரு கட்டத்தில் கேமராவை இறக்கினால் வெறும் சேறு. கயிற்றை மேலே இழுத்தபோது குண்டில் கறுப்பாக ஒட்டியிருந்தது. படகுக்காரர் அதைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இங்க எப்பவும் சேறுதான் தம்பி, தாழை இன்னும் அரைப் பாகம் மேல, மணல்ல கிடக்கு" என்றார். (பாகம் என்பது கடலில் ஆழம் சொல்லும் அளவு, சுமார் 1.8 மீட்டர்.) படகை நகர்த்தினோம். அவர் சொன்ன இடத்தில், ரம்பப்பல் நுனியோடு, இருந்தது.

10. வரைபடத்தைக் கொடுக்கும் முன்

"இங்கே தாழை இருக்கிறது" என்று தலைப்புப் போடாதீர்கள். "ஏற்ற சூழல்" என்று போடுங்கள். தரவின் டிஓஐ, இறக்கிய தேதி, அடுக்குகளின் பதிப்பு எண், சலித்த விதம், பின்னணி, சோதனை முறை எல்லாவற்றையும் ஓடிமேப் என்ற படிவத்தின் வரிசையில் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து ஊருக்கு எடுத்துப்போங்கள். அட்சரேகைக் கோடுகளுக்குப் பதிலாகக் கோயில் கோபுரம், மாதா கோயில், கைபேசிக் கோபுரம் ஆகியவற்றைக் குறியுங்கள், ஆழத்தைப் பாகத்தில் எழுதுங்கள். பென்சிலைக் கொடுத்து, தப்பாக இருக்கும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை உங்கள் புள்ளிக்கோப்பில் கலக்காமல், யார் சொன்னது, எந்த மாதம் பார்த்தது என்ற குறிப்போடு தனிக்கோப்பாகச் சேமியுங்கள். அடுத்த முறை படகு எடுக்கும்போது முதலில் போக வேண்டியது அந்தக் கோடுகளுக்குத்தான்.